வழிவிட்டான் மடை

அது ரொம்ப முந்தி நடந்தது. இந்தா இப்ப நீங்க பாயப் போட்டு ஒக்காந்திருக்கீகளே, இதே ஆவாரங்குடியிலதான். அப்ப இந்தத் தார் ரோடு இல்ல, கரண்டு இல்ல, பஸ்ஸ பாத்தவுக ஊர்ல ரெண்டு பேரு இருந்தா அதிசயம். கம்மா இருந்துச்சு. கம்மாக்கரை இருந்துச்சு. கரையில மடை இருந்துச்சு. இருளாயின்னு ஒரு மகராசியும் இருந்தா.

கதைக்குள்ள போறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிக்கிறேன், சம்மந்தகாரவுக கோவிச்சுக்கப்படாது. நேத்து மத்தியானத்துக்கு முந்தி வாசல்ல யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டுப் பொண்ணு தட்டுல வச்ச கைய எடுத்துட்டு 'இந்தா வாரோம்'னு எந்திரிச்சு ஓடுச்சு. நீங்க அது கையப் புடிச்சு இழுத்தீக. ஒத்தக் குரலுக்குப் பதில் சொல்லலாமா, அதுவும் இந்த நேரத்துலன்னு அரட்டுனீக. வெளிய எட்டிப் பாத்தா வாசல்ல ஆளக் காணோம். ஒடனே ஒங்க மூஞ்சி போன போக்க நான் பாத்தேன். புள்ளைக்குக் காத்துக்கருப்பு புடிச்சிருக்குமோ, இவுக வீட்ல பொண்ணு எடுத்தது தப்போன்னு குசுகுசுன்னு பேசிக்கிட்டதும் எங் காதுல விழுந்துச்சு. மத்ததெல்லாம் போயிருச்சு, காது மட்டும் எனக்கு நல்லாத்தான் இருக்கு.

ஒங்க மேல தப்பு சொல்லல. சுத்துப்பட்டு அம்புட்டு ஊர்லயும் அதான் வழக்கம். பேய் ஒரு தடவைதான் கூப்பிடும், அதுக்கு மறுகுரல் கெடையாது. மனுசன்னா மறுக்காவும் கூப்பிடுவான். அதனால முதக் குரலுக்கு வாயத் தொறக்காத, மறுகுரல் வந்தா மட்டும் என்னன்னு கேளு. இதச் சொல்லித்தான் எல்லாரும் புள்ளைகள வளக்குறாக. எங்க ஊர்லயும் அப்படித்தான் இருந்துச்சு, இருளாயி காலம் வரைக்கும். சோறு வடிய இன்னும் நேரம் கெடக்கு. கேளுங்க.

இருளாயிக்குப் புருசன் சின்ன வயசுலயே போயிட்டாராம். ரெண்டும் ஆம்பளப் புள்ளைக. மூத்தவன் வழிவிட்டான், நம்ம வழிவிட்ட அய்யனாரு பேரு. எளையவன் சாத்தையா. ரெண்டு பேரும் ஆடு பத்திக்கிட்டு கம்மாய்க்கு அங்கிட்டு பனங்காட்டுல கெடப்பானுகளாம். உச்சிப்பொழுதானா இருளாயி கரையில ஏறுவா. மடையில ரெண்டு கல்தூணு நிக்குதுல்ல, அதுக்குப் பக்கத்துல நின்னு, கைய வாயிகிட்ட குவிச்சுக் கூப்பிடுவா. 'ஏ... வழிவிட்டாஆஆ... ஏ... சாத்தையாஆஆ... கஞ்சிக்கு வாங்கடாஆஆ.' பனங்காட்டுக்குள்ள இருந்து ரெண்டு பேரும் ஒரே வாயா, 'இந்தா வாரோம்த்தா'ம்பானுக. இந்தக் கரையில அவ கூப்பிட, அந்தக் கரையில அவனுக பதில் சொல்ல, அதக் கேட்டுத்தான் ஊருக்குள்ள பொம்பளைக உலை எறக்குவாகளாம். கடியாரம் எவன் வீட்ல இருந்துச்சு?

அப்ப மழை பொய்யாப் போச்சு. ஒரு வருசமில்ல, அடுத்தடுத்து. கம்மா பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு. ஆடுகள ஒண்ணொண்ணா வித்துத் தின்னாச்சு. அந்த நேரம் பாத்து வெள்ளைக்காரனுக்குச் சண்டை வந்துச்சு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்குறாகன்னு ராமநாதபுரத்துல தமுக்கு அடிச்சாகளாம். மூத்தவன் போயி நெஞ்ச நிமித்திக் காட்டிட்டு வந்தான். அவனப் பாத்து எளையவனும் போனான். போற அன்னைக்கு இருளாயி வாசப்படியில குறுக்க படுத்துக்கிட்டாளாம். என்னத் தாண்டிட்டுப் போங்கடான்னாளாம். எப்படித் தாண்டுவானுக?

வழிவிட்டான் அவ தலைமாட்டுல குத்துக்கால் வச்சு ஒக்காந்தானாம். "ஆத்தா, நாங்க எங்க இருந்தாலும் நீ உச்சிக்கு மடையில நின்னு கூப்பிடு. நாங்க இருக்குற எடத்துல இருந்து 'இந்தா வாரோம்'ங்கிறோம். கேக்குதோ கேக்கலையோ, சொல்லிட்டுத்தான் கஞ்சியில கை வைப்போம்."

அப்பறந்தான் அவ எந்திரிச்சாளாம்.

அன்னையில இருந்து கூப்பிட்டா. நித்தமும் கூப்பிட்டா. கேக்குதோ கேக்கலையோ, கூப்பிட்டா. பனங்காட்டுல ஆடும் இல்ல, ஆளும் இல்ல. கூப்பிட்டுட்டு ஒரு நிமிசம் அப்படியே காதக் குடுத்து நிப்பாளாம். பெறகு முந்தானைய ஒதறிக்கிட்டு எறங்கி வருவாளாம். ஊர்ல சிரிச்சவுக சிரிச்சாக. அவளுக்கென்ன, காதுலயே வாங்கல.

வழிவிட்டான பர்மாவுக்கு அனுப்பிட்டாக. சாத்தையாவ மிசிரு தேசத்துக்கு, அதான் எகிப்துங்கிறாகளே, அங்க அனுப்பிட்டாக. ஒருத்தன் கெழக்க, ஒருத்தன் மேக்க. தபால்காரர்தான் வந்து கடுதாசி படிச்சுச் சொல்வாரு. அந்தச் சமயம், பட்டாளத்துல கால் முறிஞ்சு திரும்பி வந்த ஒரு ஆளு பக்கத்து ஊர்ல இருந்திருக்காரு. அவரு ஒரு நாள் இந்தப் பக்கமா வந்தவரு, இவ கரையில நின்னு கூப்பிடுறதப் பாத்துட்டு, விசயத்தக் கேட்டுட்டு, சிரியா சிரிச்சாராம். அடி கூறுகெட்டவளே, சூரியன் கெழக்க இருந்துதான வருது? ஒனக்கு இங்க உச்சின்னா, பர்மாக்காரன் அங்க கஞ்சி குடிச்சுத் தட்டக் கழுவிக் கவுத்திருப்பான். மிசிருக்காரனுக்கு இன்னும் அடுப்பே பத்தியிருக்காது. நீ யாரக் கூப்பிடுறன்னு கேட்டாராம்.

இருளாயிக்குத் திக்குன்னு ஆயிருச்சு. அய்யய்யோ, இத்தன நாளும் எம் புள்ளைக எங் குரலக் காணோம்னு தேடியிருக்குமேன்னு அங்கனயே ஒக்காந்து அழுதாளாம். அந்த ஆளுக்கே பாவமாப் போச்சு. சிரிச்ச வாயாலேயே வழியும் சொன்னாரு. உச்சிக்கு முந்தி மடைத்தூணு நெழல் சுருங்கி அடிக்கல்லத் தொடுறப்ப மூத்தவனுக்கு. உச்சி சாஞ்சு அந்த நெழல் இந்தப் பக்கத்துக் கருவேல மரத்து வரைக்கும் நீண்டப்ப எளையவனுக்கு. ஒரு குத்துமதிப்புதான். ஆனா அன்னையில இருந்து இருளாயி அதத் தப்பல.

எல்லாரு ஊர்லயும் பொழுதுக்கு ஒரு உச்சி. அவளுக்கு மட்டும் ரெண்டு. மூத்தவனுக்கு முன்னுச்சி, எளையவனுக்குப் பின்னுச்சி. தபால்காரருகிட்டச் சொல்லி அதையும் எழுத வச்சா. ஏப்பா வழிவிட்டா, மடைத்தூணு நெழல் அடிக்கல்லத் தொடும்போது ஒனக்கு அங்க உச்சியாம், அப்ப ஒன்னயக் கூப்பிடுறேன், கேட்டுக்கோன்னு. அதுக்கு அவங்கிட்ட இருந்து பதில் வந்துச்சாம். ஆத்தா, நீ சொன்ன நேரத்துக்கு நான் 'இந்தா வாரோம்'னு சொல்லிட்டுத்தான் தட்டுல கை வைக்கிறேன், பக்கத்துல இருக்குறவன் எனக்குக் கிறுக்குன்னு நெனைக்கிறான்னு. இருளாயி அதத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லி அந்தத் தபால்காரர வெயில்ல நிப்பாட்டி வச்சாளாம். அவன் தனியாத்தான் இருக்கான். இருந்தாலும் 'வாரோம்'னுதான் சொல்லியிருக்கான், தம்பியையும் சேத்து.

இப்படியே போயிருந்தா இந்தக் கதை எதுக்கு?

சப்பான்காரன் பர்மாவுல வந்து எறங்கிட்டான். குண்டு போட்டான். ரங்கூன் போச்சுன்னாக. அங்க இருந்த நம்ம சனமெல்லாம் காட்டு வழியா, மலை வழியா நடந்தே வருதுன்னாக. வழியெல்லாம் பொணம்னாக. வழிவிட்டாங்கிட்ட இருந்து கடுதாசி நின்னு போச்சு. இருளாயி முன்னுச்சிக்குக் கூப்பிட்டா. கேக்குதோ கேக்கலையோ, கூப்பிட்டா. ஒரு நாள் தபால்காரரு வந்தாரு. எப்பவும் தெரு முக்குலயே அவ பேரச் சொல்லிச் சத்தம் குடுக்குற மனுசன், அன்னைக்கு வாசல் வரைக்கும் வந்து சும்மா நின்னாராம். கையில தந்தி.

தந்தியில என்ன இருந்துச்சு? ஆளக் காணோம்னு இருந்துச்சு. அம்புட்டுதான். செத்துட்டான்னு இல்ல, காணோம்னு. ஆனா அந்தக் காலத்துல தந்தின்னாலே சாவுதான். அவரு படிச்சு முடிக்கல, தெருவுல ஒருத்தி ஒப்பாரிய எடுத்துட்டா. ஒருத்தி எடுத்தா ஊரு எடுத்துச்சு. ஒடம்பு இல்லாததால அவனோட பழைய வேட்டிய விரிச்சு, அதுமேல வாய்க்கரிசி போட்டாக. கருமாதியும் முடிச்சாக. இருளாயி ஒரு மூலையில, என்ன நடக்குதுன்னே தெரியாதவ கணக்கா ஒக்காந்திருந்தாளாம்.

கருமாதி முடிஞ்ச மறுநாளு, நெழல் அடிக்கல்லத் தொடுற நேரம். ஊரு அசந்து கெடக்கு. கரையில இருந்து குரல் வருது. 'ஏ... வழிவிட்டாஆஆ...'

ஊருக்கே குலை நடுங்கிப் போச்சு. கருமாதி முடிச்சு அனுப்பி வச்சவன இப்படிப் பேரச் சொல்லி இழுத்தா அவன் எங்கிட்டுப் போவான்? பொம்பளைக கதவச் சாத்துனாக. பச்சப் புள்ளக்காரி புள்ள காதப் பொத்துனா. நாலு நாளு பாத்தாக, அஞ்சு நாளு பாத்தாக. அவ நிறுத்துற வழியக் காணோம். கடைசியில குருந்தப்பன் கெளம்பி வந்தாரு. இருளாயி புருசனோட கூடப்பொறந்த அண்ணன். கெட்டவரு இல்ல. தம்பி போனதுல இருந்து அந்தக் குடும்பத்துக்கு ஒரு கஞ்சி கொறையாமப் பாத்தவரு அவருதான். நல்லதுன்னு நெனைச்சுத்தான் வந்தாரு. அதச் சொல்லிப்புடணும்.

"தாயி, நித்தமும் செத்தவனக் கூப்பிடுற. நீ கூப்பிட்டா அவன் வருவான்."

"தந்தியில காணோம்னுதான போட்டிருக்கு."

"தந்தி கெடக்கட்டும், கருமாதி முடிஞ்சுபோச்சு. அவன் வந்து நிக்கிறான்னு வையி. வந்தவன் தனியாவா திரும்பிப் போவான்? அவனுக்குத் தொணை வேணும். யாரத் தேடுவான்? கூடவே திரிஞ்சவன் ஒருத்தன் மிசிருல இருக்கான்ல? ஒனக்கு ரெண்டும் போகணுமா?"

அத்தோட அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு.

யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் பேரச் சொன்னா இன்னொருத்தன் உசுருக்கு ஆபத்துன்னா பெத்தவ என்ன செய்வா? இருக்கானோ இல்லையோங்குறவனுக்காக, இருக்கான்னு தெரிஞ்சவன விட முடியுமா? மறுநாளுல இருந்து முன்னுச்சிக் குரல் நின்னு போச்சு. பின்னுச்சிக்கு மட்டும் போயி, 'ஏ... சாத்தையாஆஆ'ன்னு ஒத்தப் பேரச் சொல்லிட்டு வருவா. முன்னுச்சி நேரம் வந்துட்டா அவளுக்கு வீடு தாங்காதாம். கால் தன்னால கரைக்கு இழுக்கும். தன்னையறியாம வாய் அவன் பேரச் சொல்லிருமோன்னு பயந்துக்கிட்டு, கதவச் சாத்தித் தாழ்ப்பாளப் போட்டுட்டு, உரல்ல கம்பப் போட்டு இடிப்பாளாம். தங் குரலே தனக்குக் கேக்காத அளவுக்கு இடிப்பாளாம். தெருவே அதிரும்பாக. அவ இடிக்கிற சத்தம் நின்னாத்தான் தெருவுல மத்தவுக பெருமூச்சு விடுவாக.

மழை ஒண்ணு வந்து போச்சு. பனி போச்சு. மறுபடியும் வெயில் ஏறுச்சு.

ஒரு நாள், அதே நேரம். கதவு சாத்தியிருக்கு. இருளாயி இடிச்சுக்கிட்டு இருக்கா. உலக்கைய மேல தூக்குனவ, கீழ போடல. அந்த எடவெளியில ஒரு குரலு.

"ஆத்தா."

அப்படின்னுச்சாம். வாசல்ல இருந்து. சத்தமே இல்லாத சத்தம். எண்ணெ தீந்த வெளக்கு திரிய உறிஞ்சுமே, அந்த மாதிரி. வேற யாருக்கும் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டுச்சு. யாரு குரல்னும் தெரிஞ்சுபோச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா?

தூக்குன உலக்கை தூக்குனபடி நிக்குது. வந்துட்டான், கூப்பிடாமலே வந்துட்டான்னு நெஞ்சுக்குள்ள ஒரு சந்தோசம், அதுகூடவே ஒரு திகிலு. உலக்கையச் சுவத்துல சாத்திட்டு கதவுகிட்டப் போனாளாம். தாழ்ப்பாள்ல கைய வச்சாளாம். மறுகுரல் குடுறா, எஞ் சாமி, மறுகுரல் குடு, ஒரே ஒரு தடவ குடு, கதவத் தொறந்துருறேன். வாய்க்குள்ளயே சொல்றா. வெளியில சொல்ல முடியாது, சொன்னாப் பதில் சொன்ன மாதிரி ஆயிரும். முந்தானைய வாயில சுருட்டி வச்சுக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா.

மறுகுரல் வரல.

அப்ப அவ கண்ணுக்கு முன்னால யாரு வந்து நின்னான்னு நெனைக்கிறீக? சாத்தையா. மிசிரு மணல்ல, தட்டக் கையில வச்சுக்கிட்டு, சின்னப் புள்ளையா. தொணை தேடுவான்னு குருந்தப்பன் சொன்னது காதுல விழுந்துச்சு. வெடுக்குனு கைய எடுத்தாளாம். ஓடிப் போயி உலக்கையத் தூக்குனாளாம். இடிச்சா. கண்ண மூடிக்கிட்டு இடிச்சா. உரல் தெறிச்சுரும் போல இடிச்சா. கம்பு மாவாகி, மாவு பறந்து வீடெல்லாம் பொகையாப் போச்சாம். அதுக்கப்பறம் மறுகுரல் வந்துச்சா வரலையா, யாருக்குத் தெரியும்? அந்தச் சத்தத்துல யாருக்குக் கேட்டிருக்கும்?

இடிச்சு ஓஞ்சு கெடந்தவ, பின்னுச்சி ஆனதும் எந்திரிச்சா. எளையவனக் கூப்பிடணும்ல. கதவத் தொறந்தா வாசல்ல ஒண்ணும் இல்ல. புழுதியில என்னமோ தேச்ச மாதிரித் தடம், கம்பு ஊனுன மாதிரிக் குழி. அவ அதப் பாத்தாளாம். பாத்தும் அது என்னன்னு மனசுல வாங்கலையாம். கரையப் பாக்க நடந்தா.

கரையில மூக்காயி நின்னா. பக்கத்து வீட்டுக்காரி, கம்மாய்க்குள்ள ஆடு மேய்க்கிறவ. இவளப் பாத்ததும் அவ பேயறஞ்சவ கணக்கா நின்னாளாம். மடைத்தூணுல சாஞ்சுக்கிட்டு ஒருத்தன் ஒக்காந்திருந்தான். தாடியும் சடையும். காக்கித் துணி நூல் நூலாத் தொங்குது. காலு ரெண்டும் வீங்கி, பக்கத்துல ஒரு ஊனுகம்பு. தலை ஊரப் பாத்துச் சாஞ்சிருக்கு. கண்ணு தொறந்திருக்கு, உசுரு இல்ல.

மூக்காயி சொன்னாளாம். முன்னுச்சி தாண்டி இந்த ஆளு தெருப்பக்கமிருந்து ஊர்ந்து ஊர்ந்து வந்தாரு, பரதேசின்னு நெனைச்சேன், கஞ்சி குடுத்தேன், வாங்கிக் கையிலயே வச்சிருந்தாரு, குடிக்கல. அந்தத் தூணு நெழலயே பாத்துக்கிட்டு இருந்தாரு. குடிக்க வேண்டியதுதானய்யான்னு கேட்டேன். தொண்டையில குரலே இல்ல, காத்துதான் வந்துச்சு. குனிஞ்சு கேட்டேன். "எங்காத்தா இன்னும் கூப்பிடலயே"ன்னாரு.

அம்புட்டுதான் சொன்னாராம்.

வீட்டு வாசல்ல ஒரு தடவ கூப்பிட்டான். பதில் இல்ல. உள்ள உலக்கைச் சத்தம். ஆத்தா இந்நேரம் வீட்ல எங்க இருப்பா, மடையிலதான நின்னு நம்மளக் கூப்பிடுவா, வேற யாரோ இடிக்கிறாகன்னு நெனைச்சிருக்கான். அவன் வந்ததே அந்த நேரம் பாத்துத்தான். எத்தன காடு, எத்தன மலை தாண்டி வந்தானோ, எத்தன எடத்துல விழுந்து எந்திரிச்சானோ, யாரும் கூட வந்து பாக்கல. தொண்டையில மிச்சமிருந்த ஒத்தக் குரல வீட்டு வாசல்ல குடுத்துட்டு, இங்க வந்து ஒக்காந்துக்கிட்டான். கூப்பிடுவா, 'இந்தா வாரோம்'னு சொல்லணும், சொல்லிட்டுக் கஞ்சியில கை வைக்கணும். அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கான்.

இருளாயி அழலையாம். கிட்டப் போயி அவன் கையில இருந்த கஞ்சிக் கலயத்த எடுத்துக் கீழ வச்சாளாம். தாடிய ஒதுக்கி மூஞ்சியப் பாத்தாளாம். பெறகு எந்திரிச்சு, எப்பவும் நிக்கிற எடத்துல நின்னு, கைய வாயிகிட்டக் குவிச்சா.

"ஏ... வழிவிட்டாஆஆ... கஞ்சிக்கு வாடாஆஆ..."

அந்தக் குரலுக்கு ஊரே எந்திரிச்சு ஓடி வந்துச்சும்பாக. குருந்தப்பனும் ஓடி வந்தாரு. வந்தவரு தூணப் பாத்தாரு, அவளப் பாத்தாரு, அப்படியே மண்டி போட்டு ஒக்காந்துட்டாராம். அவ நிறுத்தல. பொழுது எறங்குற வரைக்கும் கூப்பிட்டா. அன்னைக்கு சாத்தையா பேர அவ ஒரு தடவகூடச் சொல்லல. மறந்தே போனா.

பொதைச்சுட்டு வந்த மறுநாளு அந்த உலக்கையத் தோள்ல தூக்கிட்டுப் போயி, மடைத்தூணுக்குப் பக்கத்துல குழி வெட்டி, செங்குத்தா நட்டு வச்சாளாம். இது இனி எங்கையில ஏறக் கூடாதுன்னாளாம். மர உலக்கை, கரையான் தின்னு போச்சு. பின்னால ஊர்ல சேந்து அந்த எடத்துல ஒரு கல்ல நட்டாக. ஒங்க ஊரு மடையில ரெண்டு தூணுதான இருக்கும்? எங்க மடையில மூணு. வரும்போது பாத்திருப்பீக.

சண்டை முடிஞ்சு சாத்தையா வந்தான். ஆமா, முழுசா வந்தான். தொணையும் யாரும் தேடல, ஒரு மண்ணும் நடக்கல. வாசல்ல வந்து 'ஆத்தா'ன்னு ஒரு குரல்தான் குடுத்தானாம், அந்தச் சொல்லு முடியுறதுக்குள்ள அவ தெருவுல நின்னாளாம். அண்ணன் விசயம் அவனுக்குக் கடுதாசியில போயிருந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் ஆத்தாளும் மகனும் மடைக்குப் போனாக. அங்க ஒக்காந்துக்கிட்டு அவன் சொன்னானாம்:

"ஒரு நாளு கஞ்சி நேரத்துல ஒங் குரல் கேட்டுச்சுத்தா. நெசமாவே கேட்டுச்சு. ஆனா எம் பேரச் சொல்லல. அண்ணன் பேரத்தான் சொன்ன, திரும்பத் திரும்பச் சொன்ன. அண்ணந்தான் அங்க இல்லையே. அதனால நானே 'இந்தா வாரோம்'னு சொன்னேன்."

அப்பத்தான் இருளாயி அழுதாளாம். மூத்தவனப் பொதைச்சதுல இருந்து அத்தன நாளும் அழாதவ. அந்த அழுகையக் கேட்டுட்டுத் தெருவுல யாரும் அன்னைக்கு அடுப்புப் பத்த வைக்கலம்பாக.

அதுக்குப் பெறகு ரொம்ப காலம் இருந்தா. ஆனா முன்னுச்சி ஆயிட்டா அவள ஒரு எடத்துல ஒக்கார வைக்க முடியாதாம். கதவு அசைஞ்சா 'இந்தா வாரோம்'. ஆடு கத்துனா 'இந்தா வாரோம்'. காத்துல பனையோலை ஒரசுனாலும் 'இந்தா வாரோம்'. ஓடி ஓடி வாசலுக்குப் போவா. யாரும் இருக்க மாட்டாக. சில நாளு வாசல்ல நின்னுக்கிட்டு யாருகிட்டயோ பேசிக்கிட்டு இருப்பாளாம். ரொம்ப தாழ்ந்த குரல்ல, வெயில்ல நிக்காதப்பா, உள்ள வாப்பான்னு. பாத்தவுக வெலவெலத்துப் போயிருக்காக. கடைசிக் காலத்துல குருந்தப்பனே வந்து கெஞ்சுனாராம். தாயி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரும், ஒத்தக் குரலுக்கெல்லாம் பதில் சொல்லாத, பேயி வந்து நின்னாலும் நிக்கும்னாராம்.

"நிக்கட்டும். பேயா இருந்தா மட்டும் என்ன, அதையும் ஒருத்தி பெத்துத்தான போட்டிருப்பா?"

அன்னைக்கு வீட்டுக்குப் போன குருந்தப்பன் தன் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளக் கழட்டி எறிஞ்சாராம். பகல்ல சாத்தாத மொதக் கதவு அவரு கதவுதான். அடுத்து மூக்காயி வீடு. பெறகு எல்லாரு வீடும். யாரும் பஞ்சாயத்துக் கூட்டிச் சொல்லல, தன்னால நடந்துச்சு.

அதான் சம்மந்தகாரவுகளே. எங்க ஊர்ல ஒத்தக் குரலுக்கே எந்திரிப்போம். வீட்ல ஒரு ஆளுதான் இருந்தாலும் 'வாரேன்'னு சொல்ல மாட்டோம், 'வாரோம்'னுதான் சொல்வோம். முன்னுச்சிக்கு உரல்ல இடிக்க மாட்டோம். இப்ப உரல் எங்க இருக்கு, மிக்சிய நிறுத்திருவோம். நேத்து அந்த நேரத்துல ரேடியோ செட்ட நிறுத்திட்டானுகன்னு மாப்பிள்ளைக்குச் சித்தப்பா கோவிச்சுக்கிட்டாரு, அதுக்கும் இதான் காரணம். கல்யாணமாவது கருமாதியாவது, அந்தக் கொஞ்ச நேரம் ஊரு அமைதியா இருக்கணும். மெதுவாக் கூப்பிட்டாலும் கேக்கணும்.

நேத்து நீங்களும் ஏதோ குரல் கேட்டீகதான? கேக்கலைன்னு சொல்லாதீக, கேட்டதாலதான் அது கையப் புடிச்சீக. அது யாருன்னு எங்கிட்டக் கேட்டா எனக்குத் தெரியாது. நாங்க தேட மாட்டோம், எட்டிப் பாத்து ஆளு இல்லைன்னா வந்து சோத்தத் திம்போம். இதுவரைக்கும் ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆனதில்ல.

நாளைக்கு எங்க பொண்ணு ஒங்க ஊருக்கு வருது. ஒங்க வீட்லயும் அப்படித்தான் எந்திரிக்கும். கோழிச் சத்தத்துக்கெல்லாம் எந்திரிச்சு ஓடும், சிரிப்பா இருக்கும். திட்டணும்னா திட்டிக்கங்க. கையப் புடிச்சு மட்டும் இழுக்காதீக. கதவுக்கு உள்ள இருந்து ஒரு 'இந்தா வாரோம்' போதும். அவன் கேட்டுட்டுப் போயிருவான்.